நடுவிலிருந்து வெட்டிய வயல்

1. புல் வளர்வதைப் பார்க்கும் வேலை

வயலை வெட்டாமல் வைத்திருப்பதற்கு விவசாயிக்குக் காசு கொடுப்பதுதான் என் புது வேலை என்று சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது.

“இஞ்சருங்கோ, புல்லு வளருதோ எண்டு பாக்கிறதுக்கும் இந்த நாட்டில சம்பளம் குடுக்கிறாங்களோ?”

அவளைக் குறை சொல்ல ஏலாது. ஊரில் நான் கிளிநொச்சிப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். இன்னும் ரெண்டு மூட்டை கூட எடு, வரம்போரத்தையும் விடாதே என்று விவசாயிகளின் உயிரை வாங்கியவன். கனடாவுக்கு வந்து மிசிசாகாவில் ஒரு பக்டரியில் பெட்டி அடுக்கி, இடையில் கல்லூரிக்கும் போய்ப் படித்து முடித்து, கடைசியில் ஒரு பாதுகாப்பு அலுவலகத்தில் கள அலுவலராகச் சேர்ந்தேன். எதைப் பாதுகாக்கிற அலுவலகம் என்றால் ஆறு, மரம், பறவை. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, ரூஜ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் வருகிற, கவுண்டி என்கிற மாவட்டம்தான் எனக்குத் தந்த இடம். அங்கே முழுக்கப் பண்ணைகள்.

அரசாங்கம் அந்த விவசாயிகளுக்குப் பல விதமாக மானியம் கொடுத்தது. ஆற்றுக்குள் மாடு இறங்காமல் வேலி அடித்தால் மானியம். கரையோரம் மரம் நட்டால் மானியம். மூன்றாவதுதான் என் மனைவியைச் சிரிக்கவைத்தது. மாட்டுத் தீவனத்துக்காக வளர்க்கிற புல்வயலை ஜூலை நடுப்பகுதி வரைக்கும் வெட்டாமல் விட்டால், அதற்கும் மானியம். புல்லுக்குள்ளே நிலத்தில் கூடு கட்டுகிற பறவைகள் அதற்குள் குஞ்சு பொரித்துப் பறந்துவிடும் என்பது கணக்கு. ஒப்பந்தப்படி விவசாயி நடக்கிறாரா என்று போய்ப் பார்ப்பது என் பொறுப்பு.

முதல் நாள் போனது கென் என்பவரின் பண்ணைக்கு. இறைச்சி மாடு வளர்க்கிறவர். அறுபதைத் தாண்டிய, தோள் அகன்ற, அதிகம் வாய் திறக்காத மனிசன். “இங்கே எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும்” என்று என் மேலதிகாரி மார்கரெட் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். என் நாக்கு உடன்படவில்லை. வயதில் மூத்த மனிசனை வெறும் ‘கென்’ என்று எப்படிச் சொல்வது? “சேர்” என்றேன். அவர் பின்னால் திரும்பி, வேறு யாரும் நிற்கிறார்களோ என்று பார்த்தார். கடைசியில் ‘மிஸ்டர் கென்’ என்று ஒரு மாதிரிச் சமாளித்தேன். அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. பிறகு என்னைப் போனில் கூப்பிட்டால் “மிஸ்டர் கென் கதைக்கிறன்” என்றுதான் தொடங்குவார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கென் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் என் தலைக்குள்ளே அந்த மனிசன் இத்தனை காலமும் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசிக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கேட்கிறபடியே எழுதுகிறேன்.

அவர் என்னை ஒப்பந்த வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முழங்காலளவு புல். திடீரென்று அதற்குள்ளிருந்து ஒரு பறவை கிளம்பியது. கைக்குள் அடங்குகிற அளவுதான். முகமும் வயிறும் கறுப்பு, முதுகில் வெள்ளை, பின்தலையில் வைக்கோல் நிறம். பொபொலிங்க் என்று பெயர். அது போட்ட சத்தத்தைப் பாட்டு என்று சொல்வதா? பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்க முள்ளைத் திருப்பும்போது வருமே, கீச்சும் குளறலுமாய், அப்படி ஒரு சத்தம். பாடிக்கொண்டே எங்கள் தலைக்கு மேலால் போனது.

“தென்னமெரிக்காவில இருந்து வாறாங்கள்” என்றார் கென். “வருசா வருசம் இதே வயலுக்கு. ஆரும் வழி சொல்லிக் குடுக்கிறேல்லை.”

நான் கனடா வந்த கதை எனக்குத்தான் தெரியும். ஏஜென்சிக்காரனின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்று நாடு அலைந்து, விமான நிலையத்தில் நடுங்கி நடுங்கி வந்து இறங்கியவன். இது கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் அரை உலகத்தைத் தாண்டி, கென் வளர்த்த புல்லுக்குள் வந்து சரியாக இறங்கியிருக்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“வாயை மூடும்” என்றார் கென். “பூச்சி பூந்திடும்.”

2. பிரசுரத்தில் இருந்த விதி

எங்கள் திட்டத்தில் இன்னொரு அறிவுரையும் உண்டு. வெட்டுகிற நாள் வந்ததும், வயலை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டவேண்டும். இதைக் கென்னின் சமையலறை மேசைக்கு முன்னால் குந்தி நான் விளக்கியபோது அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“என்ர தகப்பன் வெளியில இருந்துதான் வெட்டினவர். அவற்ற தகப்பனும் அப்பிடித்தான். ஓரத்தில தொடங்கிச் சுத்திச் சுத்தி உள்ளுக்கு வந்தால் ஸ்டியரிங்கைத் தொடவே தேவையில்லை. அரை நித்திரையில வெட்டி முடிக்கலாம்.”

“அதுதான் பிரச்சினை, மிஸ்டர் கென்” என்று எங்கள் அலுவலகப் பிரசுரத்தில் இருந்ததை நான் ஒப்பித்தேன். வெட்டி வெட்டவெளியான நிலத்துக்குக் குறுக்காக எந்தப் பிராணியும் ஓடாது. மறைப்பு இருக்கிற பக்கம்தான் போகும். வெளியிலிருந்து வெட்டினால் அவை புல் நிற்கிற உள்பக்கம் போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் நிற்கிற துண்டு சிறுத்துக்கொண்டு வரும். கடைசியில் எல்லாமே நடுவில். நடுவிலிருந்து தொடங்கினால் ஓரத்துக்கு ஓடி, பற்றைப் புதருக்குள் போய்த் தப்பிவிடும்.

ஒரு உணர்ச்சியும் இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்கிற மாதிரித்தான் சொன்னேன்.

கென் யோசித்தார். “சரி. உங்கட காசு வாற வயலை நீர் சொல்லுறபடி வெட்டுறன். ஆத்தங்கரை வயல் என்ர. அதில நீர் தலையிடக்கூடாது.”

அது நியாயம். எங்களுக்கு வந்த நிதி அவருடைய ஒரு வயலுக்குத்தான் போதுமாக இருந்தது. ஜூலை வரைக்கும் விட்ட புல் முற்றிவிடும், சத்துக் குறைந்துவிடும். ஆகவே ஆற்றங்கரை வயலின் இளம் புல்தான் அவருடைய மாடுகளுக்குக் குளிர்காலச் சாப்பாடு. அதை மழைக்கு முன்னர் வெட்டிக் காயவைத்துக் கட்டாவிட்டால் மாடுகளைப் பட்டினி போடவேண்டும், இல்லாவிட்டால் விற்கவேண்டும். அந்தப் பறவைகளுக்கு எது ஒப்பந்த வயல், எது ஆற்றங்கரை வயல் என்று தெரியுமா என்ன? ரெண்டிலும்தான் கூடு கட்டின.

3. அந்த மே மாதம்

ஊரில் யுத்தம் முடிந்த வருடம் அது.

என் தங்கச்சி வதனியும் அவள் புருசனும் ரெண்டு பிள்ளைகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, மரத்துக்கு மரம், தறப்பாள் கூடாரத்துக்குக் கூடாரம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தார்கள். கடைசியாக அவள் குரலை நான் கேட்டது குளிர்காலத்தில். லைன் விட்டுவிட்டுக் கேட்டது.

“அண்ணை, நாங்கள் இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போறம். அங்க பாதுகாப்பாம்.”

“பிள்ளையள் சாப்பிட்டுதுகளோ?” என்று கேட்டேன். பதில் வருவதற்குள் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தொலைக்காட்சியில் வரைபடம் காட்டினார்கள். சனம் நிற்கிற இடத்துக்கு ஒரு நிறம் பூசியிருந்தார்கள். ஒவ்வொரு கிழமையும் அந்த நிறம் சிறுத்தது. முதலில் உள்ளங்கையளவு, பிறகு விரலளவு, பிறகு கடலோரம் ஒரு நகத்துண்டு. சனி ஞாயிறுகளில் குடும்பமாக டவுன்டவுனுக்குப் போய், ஆயிரமாயிரம் சனத்தோடு சனமாகத் தெருவில் நின்று கத்தினோம். தொண்டை கட்டிப்போய்த் திங்கட்கிழமை வேலைக்குப் போவேன்.

முடிந்துவிட்டது என்று செய்தி வந்த அன்றும் போனேன். மார்கரெட் என் மேசைக்கு வந்து, “சிவா, நீங்கள் வீட்ட போங்கோ” என்றார்.

“வீட்ட போய் என்ன செய்யிறது? போனைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?” என்றேன். மேலதிகாரியோடு பேசுகிற குரல் இல்லை அது.

காரை எடுத்துக்கொண்டு கென்னிடம் போனேன். அன்று அவரிடம் எனக்கு வேலை எதுவும் இல்லை. அவர் வேலி அடித்துக்கொண்டிருந்தார்.

“ரேடியோவில சொன்னாங்கள்” என்றார். “உம்மட ஆக்கள் அங்க இருக்கினமோ?”

“தங்கச்சி.”

“தகவல்?”

“இல்லை.”

தலையை ஆட்டினார். சுத்தியலை வைத்துவிட்டு என்னோடு வயலைச் சுற்றி நடந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன்.

அவர் பண்ணையில் போன் சிக்னல் கிடைப்பது ஆற்றங்கரை வயலின் வாசல் படலையடியில் மட்டும்தான். நடந்துகொண்டிருக்கும்போதே நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அங்கே ஓடிப்போய்ப் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது படலையடியில் ஒரு வாளி கவிழ்த்து வைத்திருந்தது. நான் குந்தி இருந்து போனைப் பார்ப்பதற்கு.

4. கடைசித் துண்டு

ஜூன் முடிகிற நேரம். நாலைந்து நாள் நல்ல வெயில், அதற்குப் பிறகு பெருமழை என்று வானிலை சொன்னது. ஒப்பந்த வயலைப் பார்க்கத்தான் போயிருந்தேன். ஆற்றங்கரைப் பக்கம் மோவரின் இரைச்சல் கேட்டது. கென் தன் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முழு உரிமை உண்டு. நான் படலையடிக்குப் போய் வாளியில் குந்தி இருந்து போனைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தலையை நிமிர்த்தி வயலைப் பார்த்தேன்.

பெரும்பகுதி வெட்டி முடிந்திருந்தது. கென் வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நடுவில் நீளமாக ஒரு துண்டு மட்டும் நின்றது. காற்று இல்லை, ஆனால் அந்தத் துண்டுக்குள் புல் ஆடியது. இங்கே ஆடி நிற்கும், பிறகு அங்கே ஆடும். ஒரு காட்டு வான்கோழி தலையை மேலே தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. மேலே பொபொலிங்க் பேடுகள் வாயில் பூச்சியை வைத்துக்கொண்டு இறங்கத் தெரியாமல் வட்டமடித்தன. ட்ராக்டர் இன்னொரு சுற்று முடித்தது. துண்டு இன்னும் சிறுத்தது. எல்லாம் இன்னும் உள்ளுக்குப் போயின.

எத்தனையோ பேருக்கு நான் வாய்ப்பாடாய் ஒப்பித்த விதி. அன்றைக்குத்தான் அதை முதல்முதலில் கண்ணால் பார்த்தேன்.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. வெட்டிப் போட்ட புல்லில் கால் சிக்கி விழுந்து, எழும்பி, ஓடி, ட்ராக்டருக்கு முன்னால் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

“விடுங்கோ! அதுகளை விடுங்கோ!”

நான் தமிழில் கத்திக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. கென் பிரேக்கை மிதித்துக் கதவைத் திறந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“சிவா! உமக்கு என்ன விசரோ? சக்கரத்துக்குள்ள வந்திருப்பீர்!”

எனக்கு மூச்சு வாங்கியது. நடுத்துண்டைக் காட்டினேன். அப்போதுதான் ஆங்கிலம் வந்தது.

“என்ர தங்கச்சியும் இப்பிடித்தான். உள்ளுக்கு உள்ளுக்குப் போனவள். அங்க பாதுகாப்பெண்டு சொன்னவங்கள்.”

கென் எஞ்சினை நிறுத்தினார். இரைச்சல் அடங்கியதும் துண்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. சின்னச் சின்னக் குரல்கள், நூற்றுக்கணக்கில், ஒரே நேரத்தில். அவர் படியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டபடி நின்றார். பிறகு மேற்கே வானத்தைப் பார்த்தார். இப்போதைக்கு வெயில்தான், ஆனால் இன்று வெட்டினால்தான் மழைக்கு முன்னர் காயும். அந்தத் துண்டில்தான் புல் அடர்த்தி. மழை விழுந்தால் சரி, போச்சு.

“வாழ்நாள் முழுக்க இந்த வயலை வெட்டுறன்” என்றார். “ஒரு நாளும் எஞ்சினை நிப்பாட்டிக் கேட்டதில்லை.”

ட்ராக்டரில் ஏறி மோவரைத் தூக்கினார்.

“உது நிக்கட்டும்.”

“மழை வருகுது, மிஸ்டர் கென்.”

“வரட்டும்.”

கண்ணால் பார்க்காத ஒரு நாட்டில் இருக்கிற, கண்டிராத ஒரு பொம்பிளைக்காக, அந்த மனிசன் தன் மாடுகளின் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார். யார் சொன்னாலும் நான் நம்பியிருக்கமாட்டேன். முன்னால் நின்று பார்த்தவன் நான். அந்தத் திகைப்பு இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை.

சொன்னபடி மழை வந்தது. துண்டு முழுக்கச் சாய்ந்து, மாட்டுக்கு உதவாமல் போயிற்று. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் அதற்குள்ளிருந்து குஞ்சுகள் தத்தித் தத்தி வேலியில் ஏறி இருந்ததை நானும் கென்னும் பார்த்தோம். அந்த இலையுதிர்காலத்தில் தொழுவத்தில் ஒரு மாடு குறைவாக நின்றது. கேட்டேன். “அது கிழவி, எப்பிடியும் விக்கத்தான் இருந்தனான்” என்றார். அது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

5. போன்கள்

நடந்ததை மார்கரெட்டிடம் நானே போய்ச் சொன்னேன். எங்கள் திட்டத்தில் இல்லாத நிலத்தில் விவசாயியின் வேலையை மறிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அவர் புகார் குடுத்தால் நான் உங்களைக் காப்பாத்த ஏலாது, சிவா.”

ரெண்டு நாள் கழித்துக் கென் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். மார்கரெட் ஸ்பீக்கரில் போட்டார்.

“மிஸ்டர் கென் கதைக்கிறன். உங்கட பிரசுரத்தில நடுவில இருந்து வெட்டு எண்டு போட்டிருக்கிறியள். நடுவுக்கு எப்பிடிப் போறதெண்டு ஒரு இடத்திலயும் போடேல்லை. ட்ராக்டர் என்ன, மேல இருந்து குதிக்கிறதோ?”

மார்கரெட் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் கண்டேன்.

உண்மையில் அவர் கேட்டது சரியான கேள்வி. ஜூலையில் ஒப்பந்த வயலில் ரெண்டு பேருமாக நின்று வழி கண்டுபிடித்தோம். முதலில் நடுவரைக்கும் நேரே ஒரு பாதை வெட்டி உள்ளே போகவேண்டும். அங்கே திரும்ப இடம் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வெளியே வெளியே அகட்டிக்கொண்டு வரவேண்டும். பற்றை இருக்கிற பக்கத்தைக் கடைசியாக வெட்டவேண்டும். ட்ராக்டருக்குத் திரும்புவது பெரிய தொல்லை. “ஒருக்காத் திரும்பி முடியிறதுக்குள்ள ஒரு கோப்பி குடிக்கலாம்” என்று முழுநாளும் புறுபுறுத்தார். ஆனால் வெட்டினார். அடுத்த வருடம் தொடக்கம் மானியம் இல்லாத வயல்களையும் அப்படியே வெட்டினார்.

ஜூலை முடிகிற நேரம் ஒரு காலையில் வவுனியாவில் இருக்கிற என் மச்சாள் ஒருத்தி போன் எடுத்தாள். யுத்தத்தில் தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்த முகாமின் முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வதனியைக் கண்டாளாம். பிள்ளைகள் ரெண்டும் கூட நின்றதாம். வதனியின் புருசன் இல்லை.

அதைச் சொல்லத் தொலைபேசி போதாது என்று கென்னிடம் காரில் போனேன். படலையடியில் வைத்துச் சொன்னேன். “பிள்ளையள்?” என்றார். “ரெண்டும் இருக்கு” என்றேன். “அவவின்ர மனிசன்?” இல்லை என்று தலையை ஆட்டினேன். எனக்கென்று வைத்த வாளியில் அவர் குந்திவிட்டார். கனநேரம் எழும்பவில்லை.

6. வதனி

வதனியும் பிள்ளைகளும் கனடா வந்து சேரப் பல வருடமாயிற்று. ஸ்காபரோவில் எங்களுக்குக் கிட்ட ஒரு பேஸ்மென்ட் வீடு எடுத்துக் கொடுத்தோம். வேலைக்குப் போனாள், சமைத்தாள், பிள்ளைகளைப் படிப்பித்தாள். அந்த மாதங்களைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஒரு ஜூலையில் அவளைக் கென்னின் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நடந்த கதை எதையும் நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. எனக்கு வாய் வரவில்லை, அதுதான் காரணம். ‘ஒரு சிநேகிதரின் தோட்டம்’ என்று மட்டும் சொன்னேன். நாங்கள் போனபோது கென் ஆற்றங்கரை வயலில் பாதி வெட்டி முடித்திருந்தார். நடு வெட்டையாகக் கிடந்தது, ஓரமெல்லாம் புல் நின்றது. வடிவாகப் பார்க்கலாமென்று அவளைப் பற்றைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், புல்லுக்கும் பற்றைக்கும் இடையில் நின்றேன். பெரிய அலுவலர் மாதிரி இடுப்பில் கை வேறு.

வதனி ட்ராக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது.

“அண்ணை, உவர் ஏன் நடுவில இருந்து வெட்டுறார்?”

“உள்ளுக்கு நிக்கிறதுகள் வெளியில ஓடித் தப்பிறதுக்கு.”

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எங்களுக்கு முன்னால் புல் ஆடியது. ஒரு வான்கோழி தலையை நீட்டியது. எங்களைக் கண்டு பின்வாங்கியது. திரும்ப நீட்டியது. அதன் காலுக்குள் குஞ்சுகள் முண்டியடித்தன.

வதனி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். பலமாக இழுத்தாள்.

“தள்ளி நில்லுங்கோ அண்ணை. அதுகள் வாற வழியில நிக்கிறியள்.”

தள்ளி நின்றேன். வான்கோழி வெளியே வந்தது. பின்னால் ஒவ்வொன்றாகக் குஞ்சுகள் வந்து, எங்களைக் கடந்து பற்றைக்குள் போயின. கென் தூரத்திலேயே ட்ராக்டரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கடைசிக் குஞ்சும் உள்ளே போகும்வரைக்கும் வதனி என் கையை விடவில்லை. பிறகுதான் அழுதாள். ஊரைவிட்டு வந்த பிறகு அவள் அழுததை நான் கண்டது அன்றுதான்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாகக் கள வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு அனுபவம் சொல்லச் சொல்வார்கள். ஒன்றுதான் சொல்வேன். வயலுக்குப் போனால் முதலில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். மற்றதெல்லாம் பிரசுரத்தில் இருக்கிறது.